ஜன்னலோரத்து ஐந்து செடிகள்



பிழைப்பின் நிமித்தம் சொந்த ஊரை விட்டு வந்தவர்கள் நாம். திருநெல்வேலியிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் சேலத்திலிருந்தும் மும்பைக்கும் டில்லிக்கும் பெங்களூருவுக்கும் இரயில் ஏறியபோது பாத்திரங்களைக் கொண்டு வந்தோம், படுக்கைகளைக் கொண்டு வந்தோம். கொல்லைப்புறத்தை மட்டும் கொண்டு வர இயலவில்லை. பிள்ளை இருமினால் பாட்டி எழுந்து வீட்டின் பின்புறம் போவார், நாலு இலையோடு திரும்புவார். அந்த இலை எது என்று அவர் ஒருவரிடமும் கேட்டதில்லை. அவருடைய கண் அதை அறிந்திருந்தது.

இலைகளைக் காட்டிலும் அந்தக் கண்ணைத்தான் நாம் அதிகமாக இழந்திருக்கிறோம். அதன் இடத்தில் இன்று இருப்பவை கடையில் விற்கும் பொடிப் பொட்டலங்களும், கைப்பேசியில் ஒருவர் மற்றொருவருக்கு அனுப்பும் வைத்தியக் குறிப்புகளும்தான். ஆகவே, ஜன்னலோரத்தில் சில மூலிகைச் செடிகளை வளர்த்து, சிறிய உபாதைகளுக்குக் கடையை எதிர்பாராமல் வாழ வேண்டும் என்ற விருப்பம் நம் குடும்பங்களில் மறுபடியும் எழுந்திருப்பது நல்லதே. எசேக்கியா ராஜாவின் பிளவைக்கு அத்திப்பழ அடை மருந்தானதை வாசித்தறிந்த நமக்கு, இலையும் கனியும் மருந்தாவது புதிய செய்தியல்ல.

ஆயினும் தற்சார்பு என்பது என்ன என்பதில் நமக்குத் தெளிவு வேண்டும். மருத்துவரே வேண்டாம் என்று இருப்பது தற்சார்பு ஆகாது. என் கையிலுள்ள இலை இன்னதென்று ஐயமின்றி அறிவது, அதைச் சுத்தமாய் வளர்ப்பது, அது எதுவரை உதவும், எங்கே நின்றுவிடும் என்று அறிவது ஆகிய மூன்றும் சேர்ந்ததே தற்சார்பு. இவற்றில் ஒன்று குறைந்தாலும் மருந்துச் செடியே வியாதிக்குக் காரணமாகிவிடும்.

மும்பை தரும் பாடம்

கோவிட் தொற்று உச்சத்தில் இருந்த 2020ஆம் ஆண்டில் நோய் எதிர்ப்புச் சக்திக்கென்று சீந்தில் கொடியை நாடெங்கும் காய்ச்சிக் குடித்தார்கள். வடநாட்டில் இதற்கு கிலோய் என்று பெயர். மராத்தியர் குளவேல் என்பர், கன்னடர் அமிர்தபள்ளி என்பர். அவ்வாண்டு செப்டம்பர் முதல் டிசம்பர் வரையிலான நான்கு மாதங்களில், இக்கொடியைத் தொடர்ந்து உட்கொண்ட ஆறு பேர் ஈரல் பாதிப்புடன் மும்பையில் சிகிச்சைக்கு வந்தனர். அவர்களைக் கவனித்த ஈரல் நோய் மருத்துவர்கள் 2021இல் இதை ஆய்விதழ் ஒன்றில் வெளியிட்டனர். 2022இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, இந்தியாவின் 13 மருத்துவ மையங்களிலிருந்து இத்தகைய 43 பேரைப் பற்றிய விவரங்களைத் தொகுத்தது. அவர்களில் சிலருக்கு ஈரலில் வெளியே தெரியாத கோளாறு முன்பே இருந்தது. அது இக்கொடியால் கிளறப்பட்டிருக்கலாம் என்று அந்த மருத்துவர்கள் கருதினர்.

மத்திய ஆயுஷ் அமைச்சகம் இந்த முடிவை ஏற்கவில்லை. அந்த நோயாளிகள் உட்கொண்டது சீந்தில்தான் என்பது சரியாக உறுதி செய்யப்படவில்லை, அதே இனத்தைச் சேர்ந்த வேறொரு கொடியாகவும் இருக்கலாம் என்று அது மறுப்புத் தெரிவித்தது. அந்த மற்றொரு கொடியின் இலை சீந்தில் இலையைப் போலவே இதய வடிவில் இருக்கும். அதன் தண்டில் மட்டும் பரு பருவாக முடிச்சுகள் நெருங்கிக் காணப்படும்.

இந்த வாதத்தில் எப்பக்கம் சரியென்று தீர்ப்புச் சொல்வது நம் வேலையன்று. ஆனால் இரு பக்கமும் நமக்கு ஒரே பாடத்தைத்தான் கற்பிக்கின்றன. மருத்துவர்கள் சொல்வது சரியானால், நல்ல மூலிகையும் சிலருடைய சரீரத்துக்குத் தீங்கு செய்யும். அமைச்சகம் சொல்வது சரியானால், நல்ல மூலிகை என்று நம்பி மக்கள் வேறொன்றைக் குடித்திருக்கிறார்கள். கற்றறிந்தவர்களே எந்தக் கொடி என்று விவாதிக்கும்போது, சந்தையில் கட்டாக வாங்கிய தண்டையோ, பெயர் தெரியாதவர் இடித்த பொடியையோ நாம் எந்த நிச்சயத்தோடு பிள்ளைகளுக்குக் கொடுக்க முடியும்?

இதனால்தான், வாங்கிய பொடியைக் காட்டிலும் வளர்த்த செடி மேலானது. விதையிலிருந்தோ தண்டிலிருந்தோ நம் கண்முன் வளர்ந்த செடியில் கலப்படத்துக்கு இடமில்லை. அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்து 2004இல் வெளியான ஆய்வொன்றில், 14 தயாரிப்புகளில் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஒன்றோ பலவோ காணப்பட்டன. அதாவது ஐந்தில் ஒன்று. நம் தொட்டியில் பறித்த இலையில் என்ன இருக்கிறது என்பதற்கு நாமே சாட்சி.

பெயரை விசாரித்து அறியுங்கள்

நகரத்து நர்சரியில் தமிழ்ப் பெயர் சொன்னால் புரியாது. அங்கே வழங்கும் பெயரைச் சொல்லும்போதோ, ஒரே பெயரில் இரண்டு செடிகள் நிற்கும். வல்லாரைக்கு ஏற்பட்டிருக்கும் குழப்பம் இதற்கு நல்ல உதாரணம். வடநாட்டில் வல்லாரையையும் பிராமி என்பார்கள், நாம் நீர்ப்பிரமி என்று அழைக்கும் வேறொரு செடியையும் பிராமி என்பார்கள். பிராமி வேண்டும் என்று கேட்டு வருகிறவருக்கு எது கிடைக்கும் என்று சொல்ல முடியாது. இலையைப் பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும். வல்லாரை இலை வட்டமாக, தவளையின் பாதம்போல் ஓரம் நெளிந்து, நீண்ட காம்பில் நிற்கும். நீர்ப்பிரமியின் இலை சிறியது, தடித்தது, தண்டின் இருபுறமும் எதிரெதிராய் ஒட்டியிருக்கும். வடநாட்டில் மண்டூகபர்ணி என்று கேட்பதும், கர்நாடகத்தில் ஒந்தெலகா என்று கேட்பதும் நலம்.

கூடிய மட்டும் ஊரிலிருந்தே தண்டு கொண்டு வாருங்கள். விடுமுறைக்குச் சென்று திரும்பும்போது, செடியை நன்கறிந்த பெரியவர் ஒருவர் தம் கையால் வெட்டித் தரட்டும். ஈரத்துணியில் சுற்றி, மேலே காற்றோட்டமுள்ள பையில் வைத்தால் இரண்டு நாள் இரயில் பயணத்தைக் கற்பூரவல்லியும் ஆடாதோடையும் எளிதாகத் தாங்கும். அண்டை வீட்டாரையும் மறந்துவிடாதீர்கள். நாம் தேடும் செடி பல வேளைகளில் எதிர்வீட்டு மராத்தி அம்மாவின் ஜன்னலிலேயே இருக்கும். பெங்களூருவில் வாழ்வோர், 1993இல் தொடங்கப்பட்டு எலகங்காவில் இயங்கும் எஃப்.ஆர்.எல்.எச்.டி. என்ற அமைப்பைப் பற்றி அறிந்திருக்கலாம். வீட்டு மூலிகைத் தோட்டம் என்ற முயற்சியைத் தென் மாநிலங்களில் முன்னெடுத்தவர்கள் அவர்கள்.

ஐந்து செடிகள்

ஒரு ஜன்னலுக்கு ஐந்து செடிகள் போதும். இருபது செடிகளை வாங்கி வாடவிடுவதிலும், ஐந்தை முழுமையாய் அறிந்து வளர்ப்பதே பிரயோஜனம்.

முதலாவது கற்பூரவல்லி. ஓமவல்லி என்றும் அழைப்போம். ஓமத்திலுள்ள தைமால் என்ற பொருள் இதன் இலையிலும் இருப்பதால் அந்த மணம் வந்தது. இந்தியில் அஜ்வைன் பத்தா என்றும், மராத்தியில் ஓவ்யாச்சி பானே என்றும், கன்னடத்தில் தொட்டபத்ரே என்றும் வழங்கும். ஒரு சாண் நீளத் தண்டை வெட்டி, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, எட்டு அங்குலத் தொட்டியில் நட்டால் இரண்டு மூன்று வாரங்களில் வேர்விடும். தடித்த இலையிலேயே நீரைச் சேமிக்கும் செடி இது. மேல்மண் காய்ந்த பின்பே நீர் ஊற்றுங்கள். அதிக நீரால் அழுகுமேயன்றிக் காய்ந்து சாவது அரிது. சளி பிடித்த நாட்களில் இரண்டு மூன்று இலைகளைக் கசக்கி வெந்நீரில் இட்டு, ஆறியபின் பருகலாம். கடலைமாவில் தோய்த்து பஜ்ஜி சுட்டால் இருமல் இல்லாத பிள்ளைகளும் கேட்டு உண்பார்கள்.

இரண்டாவது துளசி. பிறர் இதை வழிபாட்டில் வைத்திருப்பதால் நம்மில் சிலர் வீட்டில் வளர்க்கத் தயங்குவதுண்டு. தாவர இயலில் இது புதினாவின் குடும்பத்தைச் சேர்ந்த செடி, கற்பூரவல்லிக்கும் உறவு. தயக்கமுள்ளவர்கள் கற்பூரவல்லியோடு நிறுத்திக்கொண்டால் குறையொன்றும் வராது. வளர்ப்போர் நாளொன்றுக்கு நான்கு மணி நேரமாவது வெயில் படும் இடத்தில் வைக்க வேண்டும். பூங்கதிர் வந்தவுடன் கிள்ளிவிட்டால் இலை பெருகும். ஒரு கதிரை மட்டும் விட்டுவைத்து விதை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாறு இலைகளை இஞ்சியோடு கொதிக்கவைத்த நீர் தொண்டைக் கரகரப்புக்கு இதமளிக்கும். இரத்தம் உறையாதிருக்க மாத்திரை எடுப்போர் இதை நாள்தோறும் பருகுமுன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது ஆடாதோடை. ஆடு தொடாத செடி என்பதே பெயர்க் காரணம் என்பர். இந்தியில் அடூசா, மராத்தியில் அடுள்சா, கன்னடத்தில் ஆடுசோகே. இது புதராக வளர்வது, ஆகவே பன்னிரண்டு அங்குலத்துக்குக் குறையாத தொட்டி தேவை. அடிக்கடி நுனியை வெட்டி உயரத்தைக் கட்டுப்படுத்துங்கள். இதன் இலையிலுள்ள வாசிசின் என்ற பொருளை ஆதாரமாகக் கொண்டே புரோம்ஹெக்சின் என்ற சளி கரைக்கும் மருந்து உருவாக்கப்பட்டது. மருந்துக் கடையில் விற்கும் பல இருமல் மருந்துகளின் புட்டியில் இப்பெயரைக் காணலாம். பெரியவர்கள் இரண்டு இலைகளை ஒன்றரை டம்ளர் நீரில் அரை டம்ளராக வற்றக் காய்ச்சி, தேன் கலந்து, இரண்டு மூன்று நாட்கள் பருகுவது வழக்கம். ஆனால் வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யும் தன்மையுள்ளது. கர்ப்பிணிகளும், கர்ப்பம் தரித்திருக்கலாம் என்ற ஐயமுள்ள சகோதரிகளும் இதைத் தொடவே கூடாது. ஆடு தொடாததை அவர்களும் தொடாதிருக்கட்டும்.

நான்காவது தூதுவளை. கொடியின் தண்டிலும் இலையின் நரம்பிலும் வளைந்த முள் இருக்கும். கிரில் கம்பியில் படரவிடலாம், ஆனால் சிறு பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் இருக்கட்டும். பழுத்த பழத்தின் விதையிலிருந்தும், முற்றிய தண்டிலிருந்தும் வளரும். இலையின் முள்ளைக் கத்தரியால் நீக்கி, நெய்யில் வதக்கி, மிளகும் புளியும் சேர்த்துத் துவையல் அரைக்கலாம், ரசம் வைக்கலாம். மழைக்கால இருமலுக்கு நம் வீடுகளில் தலைமுறைகளாய்ச் செய்து வந்தது இது. ஆஸ்துமா உள்ளவர்கள் இதை உணவாக உண்ணலாமே தவிர, இதை நம்பி இன்ஹேலரை நிறுத்திவிடலாகாது.

ஐந்தாவது வல்லாரை. பெயர்க் குழப்பத்தை மேலே கண்டோம். வெயில் குறைந்த ஜன்னலுக்கு ஏற்றது இதுவே. அகலமான, ஆழமில்லாத தொட்டியில் ஒரு வேர்க்கொடியை நட்டு மண்ணை எப்போதும் ஈரமாக வைத்தால், ஓரிரு மாதங்களில் தொட்டி நிரம்பும். பரீட்சை நெருங்கும் வேளையில் ஞாபகசக்திக்கென்று பிள்ளைகளுக்கு இதைக் கொடுப்போர் உண்டு. படிக்காத பாடத்தை எந்த இலையும் நினைவூட்டாது. வாரம் ஒருமுறை துவையலாகவோ கூட்டாகவோ உண்ண, இது ஒரு நல்ல கீரை. அவ்வாறே எண்ணிப் பயன்படுத்துங்கள். ஈரமான இடத்தில் வளரும் கீரை சாக்கடைக் கரையிலும் செழிக்கும். ஆகையால் தெருவில் விற்கும் கட்டைவிட வீட்டுத் தொட்டியே பத்திரமானது.

மண்ணும் மழையும் கொசுவும்

செம்மண் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, மணல் அல்லது தேங்காய் நார்த்தூள் ஒரு பங்கு என்ற கலவை இவ்வைந்துக்கும் பொருந்தும். வல்லாரைக்கு மட்டும் மணலைக் குறைத்துக்கொள்ளலாம். கட்டடம் இடித்த மண்ணையும், பழைய பெயின்ட் உதிர்ந்த இடத்து மண்ணையும், பெருஞ்சாலை ஓரத்து மண்ணையும் கொண்டு வர வேண்டாம். ஈயம் கலந்த பெட்ரோல் நம் நாட்டில் 2000ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. ஆனால் அதற்கு முன் பல ஆண்டுகள் படிந்த ஈயம் மக்கிப் போவதில்லை, அது மண்ணிலேயே கிடக்கிறது. அதே காரணத்தால் சாலையோரத்தில் தானாய் முளைத்த மூலிகையைப் பறிக்கும் பழக்கத்தையும் நகரத்தில் விட்டுவிடுவது நல்லது.

ஒவ்வொரு நகருக்கும் ஒரு கண்டிப்பு உண்டு. மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை கொட்டும். தொட்டியின் அடித்துளை அடைபடாதிருக்கிறதா என்று மே மாதத்திலேயே பார்த்துவிடுங்கள், கற்பூரவல்லியை மழை நேரே விழாத இடத்துக்கு மாற்றுங்கள். டில்லியில் டிசம்பர், ஜனவரி மாதக் குளிரில் துளசியும் கற்பூரவல்லியும் கருகிவிடும். அக்டோபரிலேயே துளசி விதையைச் சேர்த்து வைத்து, கற்பூரவல்லித் தண்டு ஒன்றைச் சிறு தொட்டியில் நட்டு வீட்டுக்குள் வைத்தால், பிப்ரவரி இறுதியில் மறுபடி தொடங்கலாம். அங்கே மே, ஜூன் மாத வெப்பக்காற்றில் காலை மாலை இருவேளையும் நீர் தேவைப்படும். பெங்களூருவில் வாழ்வோருக்கு இந்த இரண்டு துன்பங்களும் இல்லை.

தொட்டியின் அடியில் வைக்கும் தட்டைக் குறித்துப் பலரும் கவலைப்படுவதில்லை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு அந்தத் தட்டில் தேங்கிய சுத்தமான நீரிலேயே முட்டையிடும். முட்டை கொசுவாக மாறுவதற்கு ஏறத்தாழ ஏழு முதல் பத்து நாட்களே ஆகும். நீர் வற்றினாலும் முட்டைகள் பல மாதங்கள் சாகாமல் ஒட்டிக்கொண்டிருக்கும், மறுபடி நீர் பட்டவுடன் பொரியும். எனவே வாரத்தில் ஒரு நாளைக் குறித்து வைத்து, தட்டைக் கவிழ்த்து, உள்பக்கத்தை நாரால் தேய்த்துக் கழுவுங்கள். காய்ச்சலுக்கு மருந்து வளர்க்கப்போய்க் காய்ச்சலையே வளர்த்துவிட வேண்டாம்.

மாடி வீடுகளில் வாழ்வோர் தொட்டிகளைக் கிரில்லுக்கு உள்ளே வைத்துக் கம்பியால் கட்டுங்கள். ஈரமண்ணோடு கூடிய தொட்டி கீழே நடப்பவரின் தலையில் விழுந்தால் உயிருக்கே ஆபத்து.

செடி நின்றுவிடும் இடம்

இப்பகுதியை வீட்டில் அனைவரும் கேட்கும்படி வாசிக்க வேண்டுகிறோம். உயிர்கள் தப்புவதும் தவறுவதும் இங்கேதான்.

இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் இருமலுக்கு ஆடாதோடை மருந்தல்ல, சளிப் பரிசோதனையே தேவை. காசநோயின் இருமலும் கஷாயத்தால் சில நாட்கள் தணிந்ததுபோல் தோன்றலாம். ஆனால் ஒரே அறையில் ஆறு பேர் உறங்கும் வீட்டில் நோய் பரவிக்கொண்டே இருக்கும். அரசு மருத்துவமனைகளில் காசநோய்க்கான பரிசோதனையும் மருந்தும் இலவசம். இருமும் குழந்தையின் மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணிப் பாருங்கள். இரண்டு மாதம் முதல் பதினொரு மாதம் வரையான குழந்தை நிமிடத்துக்கு 50 முறையோ அதற்கு மேலோ மூச்சு விட்டால், ஒன்று முதல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை 40 முறையோ அதற்கு மேலோ மூச்சு விட்டால், அது நிமோனியாவின் அடையாளமாக இருக்கலாம். அந்த வேளையில் இலையைத் தேடி நேரத்தைப் போக்காமல் ஆட்டோவைப் பிடியுங்கள்.

கண் மஞ்சளானால் கீழாநெல்லி என்பது நம்மவர் பலருடைய நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்கு ஒரு சரித்திரமும் உண்டு. 1988இல் சென்னை ஆய்வாளர்கள் 'லான்செட்' மருத்துவ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஹெபடைட்டிஸ் பி கிருமியைச் சுமந்திருந்த 37 பேருக்குக் கீழாநெல்லி கொடுத்ததில் 22 பேரின் இரத்தத்தில் அதன் அடையாளம் மறைந்தது என்றும், வெறும் பொடி கொடுக்கப்பட்ட 23 பேரில் ஒருவருக்கே அவ்வாறு ஆனது என்றும் அதில் கண்டிருந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பின்னர் வேறு இடங்களில் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. மேலும் மஞ்சள் காமாலை என்பது ஒரே வியாதியின் பெயரன்று, பல வியாதிகளின் அடையாளம். பித்தப்பைக் கல்லாலும் கண் மஞ்சளாகும், எலிக்காய்ச்சலாலும் மஞ்சளாகும். 2005 ஜூலை 26 அன்று மும்பையின் சாந்தாகுரூஸ் பகுதியில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்து, தொடர்ந்து வந்த வாரங்களில் நகரில் எலிக்காய்ச்சல் பரவியது. எலிச் சிறுநீர் கலந்த வெள்ளத்தில் நடந்தவர்களுக்கு வரும் இந்நோய்க்கு ஆன்டிபயாடிக் மருந்து உண்டு. தொடக்கத்திலேயே கொடுத்தால் பிழைக்கலாம். கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து ஒரு வாரம் காத்திருக்கும் வீட்டில் அந்தத் தொடக்கம் கடந்து போய்விடும். ஆகவே கண் மஞ்சளான அன்றே இரத்தப் பரிசோதனைக்குச் செல்லுங்கள்.

காய்ச்சல் மூன்றாம் நாளும் விடாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நாளே ஆபத்தான நாள் என்பதை மறவாதீர்கள். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் தாமதிக்க வேண்டாம்.

ஒரு வயது நிறையாத குழந்தைக்கு எந்தக் கஷாயமும் வேண்டாம், தேனும் வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்துக்கள் அந்த வயதுக் குடலில் வளர்ந்து நரம்புகளை முடக்கும். சிறு பிள்ளைகளுக்கு நொச்சியிலை ஆவி பிடிக்க வைப்பதையும் தவிருங்கள். கொதிநீர்ப் பாத்திரம் கவிழ்ந்து உடல் வெந்துபோன பிள்ளைகள் நகர மருத்துவமனைகளுக்குப் புதியவர்கள் அல்லர். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்போர், சர்க்கரையைக் குறைக்கும் என்று சொல்லப்படும் இலைகளையும் பொடிகளையும் கூடவே சேர்த்துக்கொண்டால் சர்க்கரை அளவு மிகவும் தாழ்ந்து மயக்கம் வரலாம்.

ஒரு குறிப்பேடு

முடிவாக, ஒரு நாற்பது பக்க நோட்டை வாங்கி அடுக்களையில் தொங்கவிடுங்கள். ஒவ்வொரு செடிக்கும் இரண்டு பக்கங்கள் ஒதுக்குங்கள். அதன் தமிழ்ப் பெயர், நீங்கள் வாழும் ஊரின் மொழியில் அதன் பெயர், யாரிடமிருந்து எப்போது வாங்கியது என்பவற்றை எழுதுங்கள். ஓர் இலையைத் தாளுக்கு நடுவே வைத்துப் பாடமாக்கி ஒட்டுங்கள். யாருக்கு, எதற்கு, எத்தனை இலை, எத்தனை நாள் கொடுத்தீர்கள், குணம் தெரிந்ததா, ஒவ்வாமை ஏதும் உண்டானதா என்று தேதியோடு குறித்து வையுங்கள். மருத்துவரிடம் செல்லும்போது அந்த நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள். மூலிகை உட்கொண்டதைச் சொன்னால் கோபிப்பார் என்று மறைப்பவர் பலர். மறைப்பதால் நஷ்டம் நமக்கே. ஈரல் பாதிப்பின் காரணத்தைத் தேடும் மருத்துவருக்கு அந்த ஒரு வரிக் குறிப்பு பல பரிசோதனைகளின் செலவை மிச்சப்படுத்தும்.

இலையை ஒட்டும் வேலையையும் பெயர் எழுதும் வேலையையும் பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள். பள்ளியில் இந்தியோ மராத்தியோ கன்னடமோ படிக்கும் பிள்ளை, செடியின் பெயரை இரண்டு மொழியிலும் எழுதட்டும். ஊரிலிருக்கும் பாட்டியைக் கைப்பேசியில் அழைத்து, இலையைக் காட்டி, இதுதானா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளட்டும். ஐந்து செடிகளைப் பார்த்தவுடன் இன்னதென்று சொல்லும் பிள்ளை, தெரியாத ஆறாவது செடியைக் கண்டால் தெரியாது என்று சொல்லவும் கற்றிருக்கும். பாட்டியின் கண் அடுத்த தலைமுறைக்கு வந்து சேர வேறு வழியில்லை.

ஊருக்குப் போகும் வாசகர்கள் இம்முறை திரும்பும் பையில் ஒரு சாண் கற்பூரவல்லித் தண்டுக்கு இடம் ஒதுக்குங்கள். மற்ற நான்கும் ஒவ்வொன்றாய் வந்து சேரும்.